மரியாதையாத்தான் எழுதினேன், அதட்டுற மாதிரி இருக்குன்னு சொல்றாங்க: ஆங்கில இமெயில் உதவி வேணும்

பாலம்கடப்பவள் · செவ்வாய், இரவு 9.48

வணக்கம். நான் மலேசியாவுல, பினாங்கு மாநிலத்துப் பிறையில இருக்கேன், வேலை பாலத்தைத் தாண்டி தீவுல, பாயான் லெப்பாஸ்ல ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி. எட்டு வருஷம் லைன்ல டெக்னீஷியனா இருந்தேன், மார்ச்லேர்ந்து பர்ச்சேசிங்குக்கு மாத்திட்டாங்க. லைன்ல இருந்தவரைக்கும் மலாய், தமிழ், கொஞ்சம் ஹொக்கியன் சீனம், அதுலயே வேலை ஓடிடும். இப்ப காலையிலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் ஆங்கிலத்துல இமெயில்தான்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு அமெரிக்காவுல இருக்கற ஒரு சப்ளையருக்கு எழுதினேன். மே 12-ஆம் தேதி வரவேண்டிய கனெக்டர் இன்னும் வரல. நான் எழுதினது இதுதான், ஒரு எழுத்துகூட மாத்தாம போடறேன்:

"டியர் சர், கைண்ட்லி நோட் தட் த பார்ட்ஸ் ஆர் ஸ்டில் நாட் ரிசீவ்ட். கைண்ட்லி செக் அண்ட் ரிவெர்ட் பை டுடே இஓடி வித்அவுட் ஃபெயில். கைண்ட்லி டு த நீட்ஃபுல். தேங்க் யூ."

அனுப்பறதுக்கு முன்னால மூணு தடவை படிச்சேன். மரியாதை குறையக்கூடாதுன்னுதான் ஒவ்வொரு வரிக்கும் கைண்ட்லி போட்டேன். பதில் எனக்கு வரல, என் மேனேஜருக்குப் போயிருக்கு. "இந்தத் தொனியில எழுதற அளவுக்கு நான் என்ன செஞ்சேன்?"னு அவங்க கேட்டிருக்காங்க. மேனேஜர் கோபப்படல. கூப்பிட்டு உக்காரவெச்சு, "படிச்சா நீ அவங்களைத் திட்டற மாதிரி இருக்கு"ன்னு சொன்னாரு. நான் சர்னு எழுதினது ஒரு பொம்பளைக்குன்னும் அப்பத்தான் தெரிஞ்சுது.

வீட்டுக்கு வர்ற வழியில பாலத்துல முழுக்க இதே யோசனை. நான் யாரையும் அப்படிப் பேசற ஆள் இல்ல. நாளைக்கு அவங்களுக்கே திரும்ப எழுதணும், சாமான் இன்னும் வரல, லைன்ல அடுத்த புதன் வரைக்கும்தான் ஸ்டாக் இருக்கு. எங்க தப்பு விட்டேன்னு யாராச்சும் வரி வரியாச் சொல்லுங்களேன்.

---

செந்தூல்வாசி · செவ்வாய், இரவு 10.05

முதல்ல மனசை விட்டுடாதீங்க. நான் கோலாலம்பூர் பங்சார் சவுத்ல ஒரு ஷேர்ட் சர்வீஸ் சென்டர்ல, அதாவது பல நாட்டுக் கிளைகளுக்கு ஒரே இடத்துலேர்ந்து ஆபீஸ் வேலை செய்யற இடத்துல, ஆறு வருஷமா இருக்கேன். சேர்ந்த புதுசுல எல்லாருக்கும் இது நடந்திருக்கு.

வார்த்தைக்கு முன்னால நேரத்தைப் பாருங்க. அவங்க அமெரிக்காவுல கிழக்குப் பக்கமா இருந்தா இப்போ நமக்கும் அவங்களுக்கும் 12 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்துல 13. நீங்க வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு அனுப்பினப்போ அங்க விடியக்காலை மூணு. இஓடின்னா எண்ட் ஆஃப் டே, வேலை நாள் முடியற நேரம், உங்க கணக்குல அஞ்சரை மணி. அங்க அது காலை அஞ்சரை. அந்தம்மா எட்டு மணிக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறக்கும்போது, நீங்க குடுத்த கெடு ரெண்டரை மணி நேரத்துக்கு முன்னாலயே முடிஞ்சு போச்சு. அதோட வித்அவுட் ஃபெயில் வேற. தூக்கத்துல இருந்தவங்களுக்குக் கெடு வெச்ச மாதிரி ஆயிடுச்சு.

இஓடின்னு எழுதவே எழுதாதீங்க. கிழமை, தேதி, "யுவர் டைம்". தேதியில மாசத்தை எழுத்தால எழுதுங்க. 12/05-ன்னு போட்டா நமக்கு மே 12, அவங்களுக்கு டிசம்பர் 5.

---

ஓய்வாசிரியை · செவ்வாய், இரவு 11.20

அன்பு மகளுக்கு, முப்பத்தொரு வருஷம் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவள் நான். உங்கள் இமெயிலைப் படித்ததும் ஒன்று தெரிந்தது. நீங்கள் தமிழில்தான் மரியாதையாக எழுதியிருக்கிறீர்கள், அதுவும் அறிவிப்புப் பலகைத் தமிழில்.

"வித்அவுட் ஃபெயில்" எங்கிருந்து வந்தது? "தவறாமல்" என்பதிலிருந்து. கல்யாணப் பத்திரிகையில் "தவறாமல் வருகை தந்து" என்று அச்சடிக்கிறோம், அதில் பாசம் இருக்கிறது, வராவிட்டால் வருத்தப்படுவோம் என்று பொருள். ஆங்கிலத்தில் அதே சொல் மேலதிகாரி கீழே உள்ளவருக்குக் கொடுக்கும் உத்தரவு. தவறினால் விளைவு உண்டு என்பது போல ஒலிக்கும்.

அடுத்தது கைண்ட்லி. அது நம் "தயவுசெய்து" என்று நினைத்துத்தான் போட்டிருப்பீர்கள். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் எதையாவது கேட்கும்போது "தயவுசெய்து" என்று சொன்னதுண்டா? கோயில் வாசலில் "தயவுசெய்து காலணிகளை இங்கே விடவும்" என்று எழுதியிருக்கும். சொல் பணிவுதான், ஆனால் வாக்கியம் கட்டளை. "விடவும்", "செலுத்தவும்", "அனுப்பவும்". உங்கள் நான்கு வரிகளில் மூன்று அந்த "-வும்" வரிகள். அந்த அம்மா படித்தது "அனுப்பவும், கவனிக்கவும், ஆவன செய்யவும்" என்று மூன்று பலகைகள்.

நேரில் நாம் அப்படியா பேசுகிறோம்? "அக்கா, கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?" என்கிறோம். கேள்வியாகக் கேட்கிறோம். கேள்வி என்றால் மறுக்க ஒரு கதவு திறந்திருக்கிறது, அதுதான் மரியாதை. "ஒரு விஷயம் கேட்கலாம்னு வந்தேன்" என்கிறோம். கேட்கப்போவது இனிமேல்தான், ஆனாலும் "வந்தேன்" என்று இறந்தகாலத்தில் சொல்லித் தணிக்கிறோம். ஆங்கிலக்காரன் "ஐ வாஸ் வொண்டரிங் இஃப்" என்று எழுதுவது இதே வேலைதான். உங்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். பிறந்ததிலிருந்து செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள்.

தமிழில் நமக்கு நீ, நீங்கள், தாங்கள் என்று படிகள் உண்டு. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே "யூ". அதனால் அந்தப் படிகளெல்லாம் வினைச்சொல்லுக்குப் போய்விடுகின்றன. ஒரே வேண்டுகோளை வைத்துப் பாருங்கள்:

தம்பியிடம்: "ஃபைலை அனுப்பு." அங்கே "செண்ட் மீ த ஃபைல்."
கூட வேலை செய்பவரிடம்: "ஃபைலை அனுப்பறீங்களா?" அங்கே "குட் யூ செண்ட் மீ த ஃபைல்?"
அவ்வளவு பழக்கமில்லாதவரிடம்: "கொஞ்சம் அனுப்பி வைக்க முடியுமா?" அங்கே "வுட் யூ பி ஏபிள் டு செண்ட் மீ த ஃபைல்?"
முறையான கடிதத்தில்: "அனுப்பி வைத்தால் உதவியாக இருக்கும்." அங்கே "ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் செண்ட் மீ த ஃபைல்."

கடைசி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "அனுப்பி வைத்தால்" என்று நிபந்தனை, "உதவியாக இருக்கும்" என்று நன்றி. ஆங்கிலத்திலும் அதே இரண்டு துண்டுகள், இடம் மட்டும் மாறியிருக்கிறது.

எனவே எழுதுவதற்கு முன் இதை அவர் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் தமிழில் எப்படிக் கேட்பேன் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள். நாளைக்கான கடிதத்தை இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.

---

தே_ஓ_கோசோங் · புதன், காலை 7.31

டீச்சர் சொன்னது நல்லா இருக்கு. ஆனா எனக்கு ஒரு மனத்தாங்கல். கைண்ட்லி, ரிவெர்ட், டு த நீட்ஃபுல், இதெல்லாம் தப்பா? நம்ம நாட்டுல பேங்க்ல, இன்சூரன்ஸ்ல, ஜோகூர்லேர்ந்து பெர்லிஸ் வரைக்கும் எல்லாரும் இப்படித்தான் எழுதறோம், எல்லாருக்கும் புரியுது. "டு த நீட்ஃபுல்" வெள்ளைக்காரன் ஆபீஸ்லேர்ந்து வந்ததுதான். அவன் விட்டுட்டான், நாம வெச்சிருக்கோம். அவங்க எழுதறதைப் புரிஞ்சிக்க நாம பாடுபடறோம்ல, நாம எழுதறதைப் புரிஞ்சிக்க அவங்க ஏன் கொஞ்சம் பாடுபடக்கூடாது? ஒரு பொண்ணு ரெண்டு நாளா தூங்காம இருக்கறதுக்கு இது ஒரு காரணமான்னு வயிறு எரியுது.

---

ஓய்வாசிரியை · புதன், காலை 8.15

தம்பி, நீங்கள் சொல்வதில் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. தப்பு என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். மலேசியர் மலேசியருக்கு எழுதும்போது ரிவெர்ட் என்றால் பதில் என்று எல்லாருக்கும் தெரியும். என் கவலை படிப்பவர் யார் என்பது மட்டும்தான். தஞ்சாவூரிலிருந்து வந்தவரிடம் "பசியாறிட்டீங்களா" என்று கேட்டால் அவர் ஒரு நொடி முழிப்பார். அது நம் தமிழின் குறை இல்லை. ஆனாலும் அவரிடம் நாமே "சாப்டீங்களா" என்று கேட்டுவிடுகிறோம் அல்லவா?

---

செந்தூல்வாசி · புதன், காலை 9.02

ரிவெர்ட் விஷயத்துல எனக்கு நடந்ததைச் சொல்றேன், ஏன்னா இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்ல.

மூணு வருஷத்துக்கு முன்னால சிட்னியில இருக்கற டெவலப்பருக்கு ஒரு மாற்றத்தைப் பத்தி எழுதினேன். "ப்ளீஸ் ரிவெர்ட் ஆன் த பேமென்ட் ஸ்க்ரீன் சேஞ்ச்." நான் கேட்டது அதைப் பத்தி பதில் சொல்லுங்கன்னு. ப்ரோக்ராம் எழுதறவங்களுக்கு ரிவெர்ட்னா செஞ்ச மாற்றத்தை எடுத்துட்டு பழைய நிலைக்குத் திருப்பறது, வேற அர்த்தமே கிடையாது. அவர் ரொம்ப நல்ல மனுஷன், உடனே செஞ்சிட்டாரு. நாலு பேர் ரெண்டு வாரம் செஞ்ச வேலை அன்னிக்கு ராத்திரி சிஸ்டத்துலேர்ந்து போயிடுச்சு. திருப்பிக் கொண்டுவர முடிஞ்சுது, ஆனா மறுநாள் காலையில வந்த கஸ்டமர் கால் எல்லாம் நான்தான் எடுத்தேன்.

அன்னிலேர்ந்து "லெட் மீ நோ", இல்லன்னா "ரிப்ளை", அவ்வளவுதான்.

அதே மாதிரி நம்ம ஊர்ல மட்டும் புழங்கற வார்த்தை இன்னும் இருக்கு. "ஐ ஆம் ஆன் எம்சி"ன்னா வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது, "ஆன் சிக் லீவ்"னு போடணும். "அவுட்ஸ்டேஷன்"னாலும் முழிப்பாங்க, "ட்ராவலிங் ஃபார் வொர்க்"னு எழுதிடுங்க.

---

தே_ஓ_கோசோங் · புதன், காலை 9.20

இது வேற மாதிரி இருக்கே. சரி, ரிவெர்ட்டை நானும் விடறேன். கைண்ட்லியை விடமாட்டேன், எங்க கிள்ளான் ஆபீஸ்ல அது நல்லாத்தான் ஓடுது.

---

லீகல்கிராணி · புதன், மதியம் 1.10

கோலாலம்பூரில் ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் 14 வருடமாக இருக்கிறேன். இங்கே எல்லாரும் மென்மையாக எழுதுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். முறையான நடை மரியாதைக்கு மட்டும் இல்லை, தூரத்துக்கும் அதுதான்.

இருபது வருடம் பழகிய நண்பர் ஒருநாள் "வாங்க, உட்காருங்க" என்று சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? "வாடா" எங்கே போனது என்று நெஞ்சு அடைக்கும். ஆங்கிலக் கடிதத்திலும் அப்படித்தான். பேரைச் சொல்லி "ஹை" என்று எழுதிக்கொண்டிருந்தவர் திடீரென்று "டியர் மிஸ்" என்று ஆரம்பித்தால் ஏதோ முறிந்துவிட்டது என்று பொருள். நாங்கள் அதைத் தெரிந்தே செய்வோம். பணம் தராத கட்சிக்காரருக்கு முதல் நினைவூட்டல் பேர் சொல்லி, இரண்டாவது "டியர் மிஸ்டர்", மூன்றாவது ரிஜிஸ்டர்ட் தபாலில், "டியர் சர்" என்று. கடிதம் கனமாகக் கனமாகக் குரல் விலகும். ஆகவே தங்கச்சி, உங்களோடு முதல்முறை பேசுகிற ஒருவருக்கு எடுத்த எடுப்பிலேயே மூன்றாவது படியில் எழுதினால் அவர் பயப்படுவார்.

முறையாக எழுதவேண்டிய இடத்தில் கணக்குத் தப்பக்கூடாது. பேர் தெரியாமல் "டியர் சர் ஆர் மேடம்" என்று ஆரம்பித்தால் முடிவு "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி". பேர் போட்டு "டியர் மிஸ்டர் இன்னார்" என்றால் "யுவர்ஸ் சின்சியர்லி". எனக்கு என் பழைய மேலாளர் சொல்லிக்கொடுத்தது: சர்ரும் சின்சியர்லியும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன, இரண்டையும் ஒரே கடிதத்தில் சேர்க்காதே. இது பிரிட்டிஷ் வழக்கம். அமெரிக்கர்கள் பெரும்பாலும் "சின்சியர்லி" என்று மட்டும் போட்டு முடித்துவிடுவார்கள்.

இன்னொன்று, பலர் செய்வது. வீட்டுக்காரரிடம் டெபாசிட் கேட்டு எழுதும்போது மேலே பெரிதாக "வித்அவுட் ப்ரெஜுடிஸ்" என்று போட்டுவிடுகிறார்கள், போட்டால் சட்டப்படி பலமாக இருக்கும் என்று நம்பி. அது சமரசப் பேச்சுக்கான தலைப்பு. அந்தப் பேச்சில் சொன்னதைப் பிற்பாடு கோர்ட்டில் ஆதாரமாகக் காட்டாமல் இருப்பதற்காகப் போடுவது. டெபாசிட் கேட்டேன் என்பதற்கு அந்தக் கடிதமே உங்களுக்கு ஆதாரமாக வேண்டும் என்றால், அதன் தலையில் இதை எழுதலாமா?

அரசாங்க அலுவலகத்துக்கு என்றால் இந்தக் கவலையே வேண்டாம், மலாயில் எழுதுங்கள். 1963/67 தேசிய மொழிச் சட்டம் இருக்கிறது. ஆனால் மலாய்க் கடிதத்தின் அச்சை ஆங்கிலத்துக்குக் கொண்டுவராதீர்கள். "பெர்காரா டி ஆதாஸ் டிருஜுக்" (மேற்கண்ட விஷயம் குறித்து) என்பதை "த அபவ் மேட்டர் இஸ் ரெஃபர்ட்" என்று எழுதுவதையும், "செகியான், தெரிமா காசே" (இத்துடன், நன்றி) என்பதற்காகக் கடைசியில் தனி வரியில் வெறும் "தேங்க் யூ" என்று வைப்பதையும் தினமும் பார்க்கிறேன்.

---

ஆறாம்படிவம் · புதன், மாலை 4.44

டீச்சர், நான் பட்டர்வொர்த்ல ஆறாம் படிவம் படிக்கிறேன், முவெட், அதாவது பல்கலைக்கழகத்துக்கான ஆங்கிலத் தேர்வு, எழுதப்போறேன். எழுத்துத் தாள்ல 75 நிமிஷம், முதல் கேள்வி ஒரு இமெயிலுக்கோ கடிதத்துக்கோ பதில், குறைஞ்சது 100 சொல். ரெண்டாவது கட்டுரை, குறைஞ்சது 250. அஞ்சாம் படிவத்து எஸ்பிஎம் பரீட்சையிலயும் முதல் பகுதி 80 சொல்லுல இமெயில்தான் எழுதினோம், அதுல நான் நல்லாத்தான் வாங்கினேன். இப்ப பயிற்சித்தாள்ல ஃப்ரெண்டுக்குப் பதில் எழுதச் சொன்னாங்க, "ஐ ஆம் ரைட்டிங் டு இன்ஃபார்ம் யூ தட் ஐ வில் பி அட்டெண்டிங்"னு ஆரம்பிச்சேன். இலக்கணப் பிழை ஒண்ணுமில்ல, ஆனா தொனி பொருந்தலன்னு சிவப்பு மையில எழுதியிருக்காங்க. உயர்ந்த ஆங்கிலம் எழுதினா மார்க் குறையுமா?

---

ஓய்வாசிரியை · புதன், மாலை 6.30

உயர்ந்த ஆங்கிலம், தாழ்ந்த ஆங்கிலம் என்று நினைப்பதில்தான் சிக்கல், கண்ணு. உன் நண்பன் "நாளைக்கு வர்றியாடா" என்று கேட்டால் "தங்கள் அழைப்பை ஏற்று வருகை புரியவிருக்கிறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்றா சொல்வாய்? நீ எழுதியது அதுதான். "தேங்க்ஸ் ஃபார் ஆஸ்கிங், ஐ'ட் லவ் டு கம்!" போதும். நண்பனுக்கு எழுதும்போது "ஐ'ம்", "கான்ட்", "லெட்'ஸ்" என்று சுருக்கி எழுது. தலைமையாசிரியருக்கு எழுதும்போது "ஐ ஆம்", "கேனாட்" என்று விரித்து எழுது. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதே. கேள்வித்தாளில் முதலில் அடிக்கோடிட வேண்டியது யாருக்கு என்ற சொல்லைத்தான்.

இதைக் கேட்டதும் என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவர் கெடாவில், சுங்கை பட்டாணி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தார். லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், யாருக்கு என்ன தேவை என்றாலும், லீவு, கூரை ஒழுகுவது, பிள்ளைக்குக் காய்ச்சல், எல்லாவற்றுக்கும் துரைக்கு ஆங்கிலத்தில் எழுதுவது அவர்தான். ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கில் உட்கார்ந்து எழுதுவார். "ஐ பெக் டு இன்ஃபார்ம் யூ" என்று ஆரம்பம். முடிவில் "ஐ ஹேவ் த ஆனர் டு பி, சர், யுவர் ஒபீடியண்ட் சர்வண்ட்". கூரைக்கு நாலு தகரம் வேண்டும் என்று கேட்பதற்கு அந்த வரி. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்டதும் அப்படித்தான். அவர்களுக்கு அது வெறும் சடங்கு, ஆனால் அப்பா எழுதும்போது அதில் ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தது. அவர் கையெழுத்து அழகாக இருக்கும், அந்தக் கடைசி வரியை எழுதும்போது மட்டும் கையை மெதுவாக நகர்த்துவார்.

நாம் "கைண்ட்லி", "ரெஸ்பெக்டட் சர்" என்று அடுக்கும்போது அந்த விளக்கின் நிழல் இன்னும் நம்மேல் விழுகிறது என்று எனக்குத் தோன்றும். இந்த மகள் கேட்பது தகரம் இல்லை. காசு கொடுத்து வாங்கிய சாமான் எப்போது வரும் என்று கேட்கிறாள். அதைப் பணிந்தும் கேட்க வேண்டாம், அதட்டியும் கேட்க வேண்டாம், நேர் நின்று கேட்கலாம்.

---

பாலம்கடப்பவள் · புதன், இரவு 8.15

டீச்சர், படிச்சிட்டு ஒரு நிமிஷம் ஒண்ணும் எழுத முடியல. எங்க தாத்தாவும் தோட்டத்துலதான் இருந்தாரு, அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

இன்னிக்கு ஆபீஸ்ல எழுத முடியல. இப்ப வீட்டுல எழுதினேன், அனுப்பல. பாருங்க:

"டியர் மேடம், ஐ ஹம்ப்ளி அண்ட் சின்சியர்லி பெக் யுவர் பார்டன் ஃபார் மை ரூட் ஈமெயில் லாஸ்ட் ஃப்ரைடே. இட் வாஸ் மை மிஸ்டேக் அண்ட் ஐ வில் நாட் ரிபீட் இட். ஐ ஆம் நியூ இன் திஸ் பொசிஷன் அண்ட் மை இங்லிஷ் இஸ் நாட் குட். ப்ளீஸ் ஃபர்கிவ் மீ. ரிகார்டிங் த பார்ட்ஸ், ஐ ஹோப் யூ கேன் ஹெல்ப்."

---

ஓய்வாசிரியை · புதன், இரவு 8.40

இதை அனுப்பாதீர்கள்.

ஐந்து வரியில் நான்கு வரி மன்னிப்பு, சாமானுக்கு ஒரே வரி. படிப்பவருக்குச் சங்கடம், என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியாது. எந்த சாமான், எப்போது வரவேண்டியது, எப்போது தேவை, ஒன்றுமே இல்லை. உங்கள் ஆங்கிலத்தைப் பற்றிய வரியை முதலில் அடித்துவிடுங்கள். மன்னிப்பு ஒரே வாக்கியம். அது உண்மையாக இருந்தால் ஒன்று போதும்.

மன்னிப்பு: "ஐ'ம் சாரி மை லாஸ்ட் ஈமெயில் சவுண்டட் ஷார்ப். தட் வாஸ் நாட் வாட் ஐ மென்ட்." அதாவது, என் போன கடிதம் கடுமையாக ஒலித்துவிட்டது, நான் நினைத்தது அதுவல்ல. அதற்கு மேல் வேண்டாம்.

பிறகு சாமான். எது, எந்தத் தேதிக்கு வந்திருக்க வேண்டியது, ஒரு கேள்வி, ஏன் அவசரம் என்ற காரணம். காரணத்தைச் சொன்னால் "அவசரம்" என்ற சொல்லே தேவைப்படாது.

---

செந்தூல்வாசி · புதன், இரவு 8.52

சப்ஜெக்ட் லைனை மறந்துடாதீங்க. போன தடவை என்ன போட்டீங்க? "அர்ஜெண்ட்"னு மட்டும் போட்டிருந்தா அதுவும் ஒரு காரணம். ஆர்டர் நம்பரும் "டெலிவரி டேட்"டும் இருந்தா போதும், அவங்க தேடி எடுக்க வசதியா இருக்கும்.

மேடமும் வேண்டாம். அமெரிக்கர்களுக்கு இமெயில்ல மேடம்னா கடைக்காரர் கூப்பிடற மாதிரி. உங்க மேனேஜருக்குப் பதில் எழுதினப்போ கீழ என்ன பேர் போட்டிருக்காங்களோ, அதே பேர். கீழ சொந்தப் பேர் மட்டும் போட்டிருந்தா அப்படிக் கூப்பிடுன்னு அவங்களே சொன்ன மாதிரி. ஆணா பெண்ணான்னு தெரியலன்னா டியர் போட்டு முழுப் பேரையும் எழுதிடலாம்.

எல்லா நாட்டுக்காரங்களும் ஒரே மாதிரி இல்ல, அதையும் சொல்லிடறேன். எங்க ஆஸ்திரேலியாக்காரங்க ரெண்டாவது கடிதத்துலயே சியர்ஸ் போட்டு முடிப்பாங்க. ஜெர்மன்காரங்க சிலர் டாக்டர் பட்டத்தை விட்டா கவனிப்பாங்க. அவங்க எழுதற ஆங்கிலம் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு இருக்கும், அதைக் கோபம்னு எடுத்துக்கக்கூடாது.

---

பாலம்கடப்பவள் · புதன், இரவு 9.37

அர்ஜெண்ட்னுதான் போட்டிருந்தேன். மூணு ஆச்சரியக்குறியோட.

திரும்ப எழுதினேன். முதல்ல டீச்சர் சொன்ன மாதிரி தமிழ்ல வாய்விட்டுச் சொன்னேன், எங்க அத்தைகிட்ட கேக்கற மாதிரி: "அன்னிக்கு நான் சொன்னது கொஞ்சம் கடுப்பா இருந்திருக்கும், மனசுல வெச்சுக்காதீங்க. அந்த கனெக்டர் 12-ஆம் தேதி வரணும், இன்னும் வரல. எப்ப கிளம்பும்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா? எங்ககிட்ட அடுத்த புதன் வரைக்கும்தான் இருக்கு." அப்புறம் ஆங்கிலத்துல:

"ஐ'ம் சாரி மை லாஸ்ட் ஈமெயில் சவுண்டட் ஷார்ப். தட் வாஸ் நாட் வாட் ஐ மென்ட்.

த கனெக்டர்ஸ் ஆன் திஸ் ஆர்டர் வேர் ட்யூ ஆன் 12 மே அண்ட் ஹேவ் நாட் ரீச்ட் அஸ் யெட். குட் யூ லெட் மீ நோ வென் தே வில் ஷிப்? வி ஹேவ் இனஃப் ஸ்டாக் அன்டில் நெக்ஸ்ட் வெட்னஸ்டே, ஸோ அ டேட் பை ஃப்ரைடே மார்னிங், யுவர் டைம், வுட் ஹெல்ப் அஸ் ப்ளான்.

மெனி தேங்க்ஸ்"

மேல ஹை போட்டு அவங்க பேர்.

---

லீகல்கிராணி · புதன், இரவு 9.50

"நெக்ஸ்ட் வெட்னஸ்டே" என்பதற்குப் பக்கத்தில் தேதியையும் போடுங்கள். அடுத்த புதன் என்றால் வருகிற புதனா, அதற்கு அடுத்ததா என்று ஆளுக்கு ஒரு விதமாக எடுத்துக்கொள்வார்கள். மற்றபடி நான் ஒரு எழுத்தும் மாற்றமாட்டேன்.

---

ஓய்வாசிரியை · புதன், இரவு 9.58

அனுப்புங்கள்.

---

கோயில்செயலாளர் · வியாழன், காலை 6.50

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் கோயில் திருப்பணிக்கு நன்கொடை கேட்டு ஒரு டத்தோவுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதவேண்டும். "டியர் மிஸ்டர் டத்தோ" என்று ஒரு உறுப்பினர் எழுதிக் கொண்டுவந்திருக்கிறார். எனக்கு உறுத்துகிறது.

---

லீகல்கிராணி · வியாழன், காலை 8.05

உறுத்தியது சரிதான், ஐயா. டத்தோவே பட்டம், மிஸ்டர் அதோடு சேராது. முகவரியில் "யாங் பெர்பாஹாகியா" என்ற மரியாதை அடைமொழி போட்டு, பட்டம், முழுப் பெயர். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் என்றால் "யாங் பெர்ஹோர்மாட்". கடிதத்தில் "டியர் டத்தோ" போதும். துணைவியாரையும் அழைப்பதானால் டத்தின். "தான் ஸ்ரீ" பட்டம் என்றால் துணைவியார் "புவான் ஸ்ரீ". பட்டத்தை அவர் தன் கடிதத்தாளில் எப்படி அச்சடித்திருக்கிறாரோ அதே எழுத்தில் எழுதுங்கள், மத்திய அரசு தருவதற்கும் மாநிலங்கள் தருவதற்கும் எழுத்து மாறலாம்.

கேட்கும் தொகையை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். தலவரலாறு மூன்றாம் பத்தியில் வரட்டும்.

---

பாலம்கடப்பவள் · வெள்ளி, காலை 8.21

பதில் வந்துடுச்சு! நேத்து ராத்திரி அவங்க ஊர் காலை ஒன்பதுக்கே அனுப்பியிருக்காங்க. கப்பல்ல போட வேண்டியது அவங்க வேர்ஹவுஸ்ல தேங்கிடுச்சாம். ஏர் ஃப்ரைட்ல பாதியை இன்னிக்கே அனுப்பறாங்க, செலவு அவங்களோடது. முதல் இமெயிலைப் பத்தி ஒரே வரி: நோ வொர்ரீஸ் அட் ஆல். மேனேஜரையும் சிசியில வெச்சிருக்காங்க.

இன்னொரு விஷயமும் கேக்கணும்னு இருந்தேன். என் சிக்னேச்சர்ல ஐசியில, அதான் அடையாள அட்டையில, இருக்கற மாதிரி முழுப் பேரும் இருக்கு, நடுவுல மகள்னு அர்த்தம் வர்ற ஏ/பி, அப்புறம் அப்பா பேர். அதனால வெளிநாட்டுலேர்ந்து வர்ற கடிதத்துல பாதி மிஸ்டர் போட்டு அப்பா பேர்லதான் வருது. அவர் போய் நாலு வருஷமாச்சு. ஒவ்வொரு தடவை அதைப் பாக்கும்போதும் என்னமோ பண்ணுது.

---

செந்தூல்வாசி · வெள்ளி, காலை 8.40

அவங்களுக்குக் கடைசியா இருக்கற பேர்தான் குடும்பப் பேர், அதான் அப்படி. சீனப் பேர்ல குடும்பப் பேர் முன்னால வர்றதால அவங்களுக்கும் இதே தொல்லை. இமெயில் சிக்னேச்சர் ஐசி மாதிரி இருக்கணும்னு சட்டம் கிடையாது. மெனி தேங்க்ஸுக்குக் கீழ உங்க பேரை மட்டும் தனியா டைப் பண்ணுங்க. முழுப் பேர் வேணும்னா அதுக்குக் கீழ, மிஸ்னு முன்னால போட்டு. ஒப்பந்தம், பேங்க் கடிதம் மாதிரி இருந்தா மட்டும் ஐசியில உள்ளபடியே.

---

பாலம்கடப்பவள் · திங்கள், மாலை 6.05

மாத்திட்டேன். சாமான் மத்தியானம் பாயான் லெப்பாஸ் கார்கோவுக்கு வந்து சேர்ந்துச்சு, ரெண்டு பெட்டி, ஒண்ணு நசுங்கியிருக்கு, உள்ள ஒண்ணும் ஆகல. வந்துடுச்சுன்னு அந்தம்மாவுக்கு ரெண்டே வரி எழுதினேன், கீழ என் பேர் மட்டும். இந்த நேரத்துல அவங்க தூங்கிட்டிருப்பாங்க, அதனால பதிலுக்குக் காத்திருக்கல. அதுக்கு முன்னாலயே ஜெர்மனியிலேர்ந்து வேற ஒரு சப்ளையரோட கடிதம் வந்திருந்துச்சு. முதல் தடவையா டியருக்கு அப்புறம் என் பேர் இருந்துச்சு.

டீச்சர், அப்பாவோட பழைய கடிதம் ஏதாச்சும் இன்னும் வெச்சிருக்கீங்களா?

---

ஓய்வாசிரியை · திங்கள், இரவு 7.50

ஒன்றே ஒன்று. மை மங்கிவிட்டது, கடைசி வரி மட்டும் தெளிவாக இருக்கிறது. படம் எடுத்து நாளை பகலில் போடுகிறேன், விளக்கு வெளிச்சத்தில் சரியாக விழவில்லை.